அத்தியாயம் 14: அங்கா சும்மா காட்டிய ஊர்

"சட்டியக் கீழ வை!"

"வைக்க மாட்டேன்."

"இது கெஸ்ட் ஹவுஸ் சட்டி!"

"உங்க கெஸ்ட் ஹவுஸுக்கு முன்னாடியே இது எங்கம்மா சட்டி, காக். உங்களப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு இதுல ஆக்கிக் கொண்டுவந்த றால் குழம்பக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னீங்க. அது மறந்துபோச்சா?"

"திங்கறதச் சொல்லிக் காட்டற புத்தி உங்க வம்சத்துக்கே உண்டு!"

"தின்னுட்டு மறக்கற புத்தி உங்க வம்சத்துக்கு!"

இரும்புச் சட்டியின் ஒரு காதை அங்கா பிடித்திருந்தாள். இன்னொரு காதை, அவள் காக் என்று மரியாதையாக அழைக்கும் அண்ணி ஹஸ்னிதா பிடித்திருந்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காலை உணவு மேசையில் கரண்டிச் சத்தம் நின்று போயிருந்தது. குவாலா செமுண்டுவில் விருந்தாளிகளுக்கு இவ்வளவு நல்ல நிகழ்ச்சியை யாரும் எந்தச் சுற்றுலாப் பொட்டலத்திலும் போட்டு விற்றதில்லை.

போன வாரம் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய், இந்தக் குடும்பத்தைக் கவனிக்காமல் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

அங்காவின் பெயர் சல்பியா. நடுவில் பிறந்த பிள்ளையை இங்கே அங்கா என்பார்கள். வீட்டில் ஆரம்பித்து ஊர் முழுக்க அப்படியே ஒட்டிக்கொண்டது. கட்டியவன் புருணைக்கு வேலை தேடிப் போய், வேலையோடு வேறொருத்தியையும் தேடிக்கொண்டான். விவாகரத்துக் காகிதத்தோடு திரும்பி வந்தவளை மூத்தவன், அவள் அபாங் என்று கூப்பிடும் அண்ணன் மொர்ஷிடி சேர்த்துக்கொண்டான். 'செமுண்டு சுவர்க்கம்' என்று பெயர் வைத்து, கெஸ்ட் ஹவுஸும் படகுமாக ஊரைச் சுற்றிக் காட்டும் தொழில் அவனுக்கு. அன்றிலிருந்து சமையல் அங்கா, வழிகாட்டி அங்கா, படுக்கை விரிப்பு துவைப்பது அங்கா. சம்பளம் என்ற பேச்சு வந்ததில்லை. வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்று அண்ணன் சொல்வான். ஊர் வேறு எதற்கெல்லாமோ சிரித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

இப்போது நண்டுக்காரன் செப்லி அங்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறான். அவளுக்கும் சம்மதம். குறுக்கே நிற்பது அண்ணன்தான்.

தகப்பன் இல்லாத பெண்ணுக்குக் கூடப் பிறந்தவன்தான் வலி, அதாவது கல்யாணப் பொறுப்பாளி. அவன் இமாம் முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுத்தால்தான் நிக்காஹ். அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன அர்த்தமோ, அதுவாகவே அங்காவுக்கு அமைந்துவிட்டான் மொர்ஷிடி. நண்டுக்காரனுக்கெல்லாம் தங்கையைக் கொடுக்க மாட்டானாம். அவள் போய்விட்டால் விருந்தாளிக்கு யார் சோறு வடிப்பது என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

கோர்ட்டுக்குப் போய் 'அண்ணன் மறுக்கிறான்' என்று சொன்னால் நீதிபதியே முன்நின்று நடத்தி வைப்பார் என்று இமாம் வழி காட்டினார். அங்கா அதற்கு யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் போன வாரம், சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்தில், அத்தனை அத்தைமார் நடுவில் அது நடந்தது. "அங்காவுக்கு எப்ப தேதி?" என்று யாரோ கேட்க, வாய் நிறைய அடுக்குக் கேக்கோடு மொர்ஷிடி சொன்னான்: "அங்காவுக்கா? அவளே ஒரு பெர்சூமா."

பெர்சூமா என்றால் சும்மா. உதவாத சும்மா. இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற சும்மா.

அத்தைமார் சிரித்தார்கள். அங்கா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது.

"என்னடி சத்தம்?" என்று மொர்ஷிடி சமையலறைக்குள் வந்தான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் தொங்கும் கை மைக், புதிதாக மை அடித்த மீசை. "கூச்சிங்லேர்ந்து ஏஜென்ட் வர்ற நாள்ல ரெண்டு பேரும் சட்டியப் பிடிச்சு இழுத்துட்டு நிக்கிறீங்க. அங்கா, சண்டைய அப்புறம் வச்சுக்க. சோத்த வடி, ஆளுங்களக் கூட்டிட்டுப் போ."

"நான் எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்? நான்தான் பெர்சூமாவாச்சே."

"அட, அது தமாசுக்குச் சொன்னது."

"அப்ப எல்லாரும் சிரிக்கறப்ப நீங்க எதுக்கு அடுத்த துண்டு கேக் எடுத்தீங்க?"

மொர்ஷிடி மீசையைத் தடவிக்கொண்டான். அந்தக் கேக் நன்றாக இருந்தது என்பதுதான் பதில்.

"ஒரே கேள்வி, அபாங். வலியா உக்காருவீங்களா, மாட்டீங்களா?"

"இன்னிக்கு வேலையப் பாரு. அடுத்த வருஷம் பேசலாம்."

"போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான சொன்னீங்க."

"நண்டு எங்க ஓடிடப்போவுது?" என்றாள் ஹஸ்னிதா. "பக்கவாட்டுலதான நடக்கும். மெதுவாத்தான் போகும்."

"நீ பேசாத!" என்று அங்கா கத்தினாள். காக் என்ற மரியாதை அங்கேயே கழன்று விழுந்தது. அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள். "நீயும் கேட்டுக்க. இன்னிக்கு நீ ஒரு ஆளக்கூட ஏத்திட்டுப் போகமாட்ட."

பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் நீ என்றதில்லை. மொர்ஷிடி தலையில் கை வைத்துப் பார்த்தான், தொப்பி விழுந்துவிட்டதோ என்பது போல.

அங்கா சட்டிக் காதைச் சட்டென்று விட்டாள். மறுமுனையை உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்த ஹஸ்னிதா, சட்டியோடு பின்னால் போய் வெங்காய மூட்டையில் உட்கார்ந்தாள்.

"வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு அங்கா படியிறங்கிப் போனாள்.

செப்லி ஆற்றோரத்தில் நண்டுக் கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். குரலே உயராத மனிதன். நண்டு கடித்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விரலை விடுவிப்பான் என்று கேலி பேசுவார்கள்.

"திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போயிடலாம் அங்கா," என்றான். "அமைதியா முடிஞ்சுரும்."

"அமைதியா முடியக் கூடாது."

"நமக்குக் கல்யாணம்தான வேணும்?"

"வேணும். ஆனா அதுக்கு முன்னாடி அவன் மூஞ்சி தொங்கணும். எத்தன அத்தைமாருங்க முன்னாடி என்னச் சொன்னானோ, அத்தன பேருக்கும் தெரியற மாதிரித் தொங்கணும். கோர்ட்டுக்குப் போனா நான்தான் ஒருத்தர் முன்னாடி கையக் கட்டி நிக்கணும். நான் எதுக்கு நிக்கணும்? அவன் நிக்கட்டும்."

"சரி. என்ன பண்ணப் போற?"

"ஊரக் காட்டப் போறேன்."

"யாருக்கு?"

"இன்னிக்கு வர்ற எல்லாருக்கும்."

"எவ்வளவுக்கு?"

"சும்மா."

செப்லி கூட்டைக் கீழே வைத்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும், அமைதியான மனிதன் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு ஏறியது. "சிப்பி பிடிக்கச் சுண்ணாம்பு நெறைய வேணுமே," என்றான். "டப்பா எடுத்துட்டு வரேன்."

மொர்ஷிடியின் தொழில் ரகசியம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியூர்க்காரர்களைத் தவிர. அவன் காசு வாங்கிக் காட்டுகிற எதுவும் அவனுடையது இல்லை. பாயோங் தீவுக்குப் படகில் அழைத்துப் போவான். தண்ணீர் வற்றினால் அந்தத் தீவுக்கு மணலில் நடந்தே போகலாம், கணுக்கால்கூட நனையாது. அதனால் தண்ணீர் நிறைந்திருக்கும்போதுதான் படகை எடுப்பான். மூக்கு நீண்ட ஒல்லாந்தர் குரங்கைக் காட்ட அலையாத்திக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து போவான். கடைசியில் படகு நிற்கிற இடம் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் பின்வேலி. பள்ளி மணி அடித்தால், "உஷ்! அது ஒரு காட்டுப் பறவை" என்பான். பலர் அந்தப் பறவையின் குரலைப் பதிவு செய்துகொண்டு போயிருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் ஊர் வாய் திறக்காது. அவனவன் பிழைப்பு. வெளியூர்க்காரர்களை அழைத்துப் போய் அந்தப் பொய்க்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றவள் அங்காதான். வாயைத் திறக்க அவளைவிடத் தகுதியானவர் யார்?

பத்து மணி எக்ஸ்பிரஸ் படகு துறையில் ஒட்டியது. சனிக்கிழமைக் கூட்டம். கூச்சிங் குடும்பங்கள், தோளில் கேமரா மாட்டிய இளசுகள், தொப்பி போட்ட ஓய்வுபெற்ற டீச்சரம்மாக்கள். கடைசியாக இறங்கியவள் பாலின். கூச்சிங்கில் பயண ஏஜென்ஸி வைத்திருப்பவள். வாரா வாரம் ஆள் அனுப்பலாமா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். மொர்ஷிடி மூன்று மாதமாக மீசைக்கு மை அடித்துக் காத்திருந்தது இந்த அம்மாளுக்காக.

துறையின் வலப்பக்கம் மொர்ஷிடி, பெரிய பேனர், இளநீரோடு ஹஸ்னிதா. அவள் இடுப்பை ஒரு கையால் பிடித்திருந்தாள், வெங்காயத்தின் உபயம். இடப்பக்கம் கவிழ்த்த மீன் பெட்டியின் மேல் அங்கா ஏறி நின்றாள். கையில் பேனர் கிடையாது, மைக் கிடையாது. தொண்டை இருந்தது.

"தீவுக்கு நடந்து போலாம், வர்றீங்களா? மணல்ல அம்பால் சிப்பி பிடிக்கலாம்! சாயங்காலம் குரங்கு பாக்கலாம்! ஊர்க்காரி நான், கூட வரேன்!"

காசு வேண்டாம் என்பதற்கான சொல்லை மட்டும் அவள் வாய் எடுக்க மறுத்தது. ஜனம் நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. வெளியூர்க்காரர்களுக்கு எப்போதும் பேனர் மேல்தான் நம்பிக்கை. ஒரு குடும்பம் வலப்பக்கம் நகர்ந்தது. இன்னும் நாலு பேர் அதன் பின்னால் நகர்ந்தார்கள்.

அங்கா பெட்டியின் மேல் நுனிக்காலில் எழும்பினாள். இவ்வளவு கத்திவிட்டு ஒருவர்கூட வராவிட்டால், அண்ணன் சொன்ன சொல் அவள் கல்லறை வரைக்கும் கூட வரும்.

அந்த நேரத்தில் மொர்ஷிடி சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கழுத்தில் மைக் தொங்குகிறவனால் அது முடியாது.

"யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க!" என்று அதில் அலறினான். "அவ பின்னாடி போறது பெர்சூமா! பெர்சூமா!"

ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல நினைத்தான் பாவம். அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் இருப்பது கோபத்தில் மறந்துவிட்டது. நம்முடைய 'சும்மா' மாதிரியேதான் அதுவும். 'சும்மா போனேன்' என்றால் வீண், 'சும்மா கொடுத்தான்' என்றால் இலவசம். இந்த நாட்டில் கடை வாசலில் அந்த எழுத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

நகர்ந்துகொண்டிருந்த குடும்பம் நின்றது.

"பெர்சூமாவா?" என்று ஒரு டீச்சரம்மா தொப்பியைத் தூக்கிக் கேட்டாள். "எது?"

"எல்லாமே!" என்றான் மொர்ஷிடி. "அவ காட்டறது எல்லாமே பெர்சூமா!"

"தீவுமா?"

"தீவும் பெர்சூமாதான்!"

"குரங்கு?"

"குரங்கும்தான்! ஒண்ணு விடாம பெர்சூமா!"

"சோறு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மைக்க ஆஃப் பண்ணுங்க!" என்று ஹஸ்னிதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அய்யோ, மைக்க ஆஃப் பண்ணுங்களேன்!"

அவன் அணைப்பதற்குள் துறையே அங்கா பக்கம் சாய்ந்துவிட்டது. குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பையை இழுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஜனம் மீன் பெட்டியைச் சூழ்ந்தது. இளசுகள் கேமராவைத் தூக்கி, கத்துகிற மனிதனையும் இழுக்கிற மனைவியையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கா பெட்டியிலிருந்து இறங்கினாள். அண்ணனைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, "ரொம்ப நன்றி அபாங்," என்றாள். "இவ்வளவு அழகா நான்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

மொர்ஷிடியிடம் மிஞ்சியவர்கள் முன்பணம் கட்டிய ஒரு வயதான ஜோடியும் பாலினும்தான். பாலின் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். இன்னும் நாலு பேராவது திரும்பி வருவார்கள் என்று மொர்ஷிடி படகை அவிழ்க்காமல் நின்றான். யாரும் வரவில்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மணல்வெளியில் அன்றைக்குத் திருவிழாதான். செப்லி டப்பாவிலிருந்து ஆளுக்கொரு குச்சியில் சுண்ணாம்பு தொட்டுக் கொடுத்தான். சாவித் துவாரம் மாதிரி மணலில் சின்னத் துளை இருக்கும். அதற்குள் குச்சியை விட்டால், காரம் தாங்காமல் விரல் நீளச் சிப்பி விருட்டென்று மேலே வரும்.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று டீச்சரம்மா குதித்தாள். "என்ன கோவமா வருது பாரு!"

"எங்க அண்ணன் மாதிரி," என்றாள் அங்கா. "சுருக்குனு ஒண்ணு பட்டாத்தான் வெளிய தலகாட்டுவாரு."

தீவுக்குப் பாதி தூரம் நடந்திருப்பார்கள். "அங்க பாருங்க," என்றான் செப்லி.

ஆற்றுமுகத்தில் 'செமுண்டு சுவர்க்கம்' சேற்றில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. ஆளுக்காகக் காத்திருந்த நேரத்தில் ஓடுகிற தண்ணீர் ஓடிவிட்டது. வயதான ஜோடி படகுக்குள் குடை பிடித்து உட்கார்ந்திருந்தது. மொர்ஷிடி முழங்கால் வரை சேற்றில் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினான். ஒரு காலை எடுத்தால் மறுகால் போயிற்று. இரண்டையும் ஒன்றாக எடுக்கப் பார்த்து அப்படியே உட்கார்ந்தான். கழுத்திலிருந்த மைக் 'கீ' என்று ஊளையிட்டது.

மணலில் இருந்த கூட்டம் கை தட்டியது. கையாட்டியது. யாரோ ஒரு பையன், "அங்கிள், அதுவும் பெர்சூமாவா?" என்று கத்தினான்.

அங்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு, சேறு அப்பிய அந்த முகம் ஒரு நொடி அப்பாவின் முகம் மாதிரித் தெரிந்தது. வலையை இழுத்து வரும்போது அவரும் அப்படித்தான் இருப்பார். போய்க் கை கொடுக்கலாமா என்று கால் ஓரடி எடுத்தது. அப்போது காதில் அத்தைமார் சிரிப்பு வந்தது. வாய் நிறைய கேக். அடுத்த துண்டுக்கு நீண்ட கை.

எடுத்த காலைத் திரும்ப வைத்தாள்.

படகிலிருந்து இறங்கியவள் பாலின். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்சட்டையை மடித்துவிட்டு, வெட்டவெளி மணலில் நேராக அங்காவிடம் நடந்து வந்தாள்.

"இந்தத் தீவுக்குப் படகு தேவையே இல்லையா?"

"வத்தின தண்ணிக்குத் தேவையில்லக்கா. வீட்டுக்கு நாங்க விறகு பொறுக்கப் போறதே இந்த வழியாத்தான்."

சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பின்வேலியில் எல்லோரும் நின்றார்கள். ஒல்லாந்தர் குரங்குகள் மரக்கிளையில் வரிசையாக உட்கார்ந்து, தொப்பையும் தொங்கும் மூக்குமாக, வரிவசூலுக்கு வந்தவர்கள் மாதிரி இவர்களைப் பார்த்தன. குர்ஆன் வகுப்பு முடிந்து பள்ளி மணி கணகணவென்று அடித்தது.

"இந்தச் சத்தத்த நான் கேட்டிருக்கேனே," என்றாள் பாலின். "போன வருஷம் வந்த என் ஆளு ஒருத்தன் போன்ல இத அழைப்பு மணியாவே வச்சிருக்கான். ஏதோ அபூர்வமான பறவைன்னு சொன்னான்."

"பறவைதான்க்கா. எங்க ஸ்கூல் பியூன் அவுசு அடிக்கிற பறவை," என்றாள் அங்கா.

பாலின் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசம் என்று அங்காவுக்குத் தெரியும். மொர்ஷிடிக்கு வாரா வாரம் ஆள் வரப்போவதில்லை. நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் கூட்டத்தைக் கடைசிப் படகில் ஏற்றிவிட்டு, மீன் காயும் முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் தன் அறைக்கு வந்து காலை நீட்டியபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. அண்ணன் முகம் தொங்கிவிட்டது சரி. தொங்கின முகத்தோடு வலியாக வந்து உட்கார்வானா? இனி கோர்ட்டில் கையைக் கட்டி நிற்பதைத் தவிர வழியில்லாமல் அவளே செய்துகொண்டாள்.

போன் அடித்தது. தெரியாத எண்.

"அங்கா. நான்தான்."

அங்கா நீட்டிய காலை மடக்கி எழுந்தே விட்டாள், அது தம்பி உசுவின் குரல்.

உசுவை நீங்கள் மறந்திருப்பீர்கள். வீட்டிலேயே மறந்துவிட்டார்கள், உங்களைச் சொல்லி என்ன? கடைக்குட்டி. உசு என்றாலே அதுதான்; நிஜப் பெயர் சுல்பாரி. சில வருஷத்துக்கு முன் ஹஸ்னிதா தன் வளையலைக் காணோம் என்றாள், எடுத்தவன் உசுதான் என்றாள். மொர்ஷிடி தம்பியைத் துறையில் வைத்து எல்லோர் முன்னாலும் அறைந்தான். அன்று ராத்திரியே பையன் பின்டுலுவுக்கு வேலைக்குப் போய்விட்டான். வளையல் பிறகு அரிசிப் பானையில் கிடைத்தது. கிடைத்ததை ஊருக்குச் சொன்னார்கள், அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"உசு! எப்படிடா... நம்பர் எப்படி..."

"உன் வீடியோ இங்க கேண்டீன் வரைக்கும் வந்துருச்சு. அபாங் மைக்குல கத்துறாரு, அப்புறம் சேத்துல உக்கார்றாரு. இன்னிக்குப் பூரா நான் வேலையே பாக்கல. அதத்தான் பாத்தேன். கல்யாணத்துக்கு அவரு உக்கார மாட்டேங்கறாராமே. நீ ஏன் என்னக் கூப்பிடல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடறது? அன்னிக்கு அபாங்கிட்ட மன்னிப்புக் கேளுன்னு உன் தலையப் பிடிச்சுக் குனிய வச்சதே நான்தான."

"ஆமா. நீதான்."

மீன் முற்றத்தில் பூனை ஒன்று கத்தியது.

"இமாம்கிட்டப் பேசி, நம்பர் வாங்கிட்டுத்தான் உனக்குப் போன் பண்றேன்," என்றான் உசு. "கூடப் பொறந்த அண்ணனும் தம்பியும் இதுல ஒரே தட்டுதானாம். எனக்கும் மீசை மொளச்சிருச்சு, அங்கா. மை அடிக்காமயே கறுப்பாத்தான் இருக்கு. நான் வந்து உக்காரட்டுமா?"

அங்கா வேகவேகமாகத் தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் மொர்ஷிடி வந்தான். குளித்திருந்தான், ஆனால் காதுமடலில் சேறு மிச்சம் இருந்தது. அங்கா பாயைப் போட்டாள், தேநீர் வைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த துணியை எடுக்க அத்தைமார் இரண்டு பேர் வந்தார்கள். அந்த நேரத்தில் எடுக்க அங்கே துணி எதுவும் இல்லை.

"பாலின் போயிட்டா," என்றான் மொர்ஷிடி. "பேனரச் சுருட்டி எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிட்டா."

"அப்படியா, அபாங்."

"சரி. உக்கார்றேன்."

"எங்க?"

"வலியா."

"கேக்கல அபாங். மைக் இல்லாமப் பேசி உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு போல."

மொர்ஷிடி வேலியைப் பார்த்தான். வேலி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. "வலியா உக்கார்றேன்னு சொல்றேன்!" என்றான் கொஞ்சம் உரக்க. "அடுத்த வாரமே வச்சுக்கலாம். செப்லி நல்லவன்தான், நான் எப்பவும் அதத்தான் சொல்வேன். நீ மட்டும் இந்த மணல்ல கூட்டிட்டுப் போறத விட்டுரு. அது போதும்."

"அன்னிக்கு அத்தைமாருங்க முன்னாடி சொன்னது?"

"தப்புதான். தப்புன்னு சொல்றேன். போதுமா?"

அங்கா அந்த வார்த்தையை வாயில் போட்டு மெதுவாக, கடைசி இனிப்பு வரை கரைத்தாள். அப்புறம் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

"வேண்டாம் அபாங்."

"என்ன வேண்டாம்?"

"வலி கெடைச்சாச்சு. நீங்க சிரமப்பட வேண்டாம். விருந்தாளியா வாங்க, நல்லாச் சாப்பிடுங்க."

"கெடைச்சாச்சா? யாரு? கோர்ட்டுக்கா போன?"

"உசு வர்றான்."

கோப்பை தட்டில் இடறியது. மொர்ஷிடி எழுந்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான், வேலியைப் பார்த்து மூடிக்கொண்டான். இறங்கிப் போகிற அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் செப்லி மணலுக்குப் போகும்போது படியில் விட்டுப்போன செருப்புமாக நடந்தான். அங்கா பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிடவில்லை. துணியே இல்லாத கொடியில் அத்தைமார் அவசரமாகத் துணி எடுத்தார்கள்.

நிக்காஹ் அந்த மாதமே நடந்தது. உசு மசூதியில் இமாமுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, செப்லியின் கையைப் பிடித்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். செப்லிதான் பதில் சொல்லத் தடுமாறி இரண்டாம் தடவை சொன்னான். மொர்ஷிடி மூன்றாம் வரிசையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே இருந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து அங்கா ஒருமுறை எட்டிப் பார்த்து, அந்த இடத்தில்தான் இருக்கிறான் என்று உறுதிசெய்துகொண்டாள்.

ஹஸ்னிதா வரவில்லை. தலைவலி என்று முந்தின வாரமே மிரியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பாலின் மாதம் இரண்டு முறை அங்காவிடம் ஆள் அனுப்புகிறாள். கணவனும் மனைவியுமாக மணலில் கூட்டிப் போகிறார்கள், திரும்பி வந்ததும் நண்டுச் சோறு விற்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில், மொர்ஷிடியின் சத்தம் எட்டாத தூரத்தில் வீடு பார்த்துக் குடிபோயாயிற்று.

பின்டுலுவுக்குத் திரும்பாதவன் உசுதான். 'செமுண்டு சுவர்க்கம்' அலுவலகத்துக்கு நேர் எதிரே பூட்டிக் கிடந்த கடையை வாடகைக்கு எடுத்திருக்கிறான். வாசலுக்கு மேலே பெரிய பலகை ஏறிவிட்டது. நீலத் தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறான். எழுதியவன் கூச்சிங்கிலிருந்து வந்து ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு, சிரித்துக்கொண்டே போனான். செய்தி மிரிக்கு எட்டியதும் ஹஸ்னிதாவின் தலைவலி சரியாகி, நாளைக் காலைப் படகில் வருகிறாளாம்.

"பலகைல என்னடா?" என்று அங்கா கேட்டுப் பார்த்தாள். அவளுக்கே சொல்லவில்லை.

"அங்கா, காலைல அபாங் எத்தன மணிக்குக் கடை தொறப்பாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அன்று அறை வாங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே கயிற்று முடிச்சைச் சுண்டிப் பார்த்தான்.